பெயருக்கு ஒரு வேலை, எண்ணுக்கு ஒரு வேலை: கடைச் சரக்குக்குக் குறியெண் இடுவது குறித்து



செய்யுளும் இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் பேச வேண்டிய இடத்தில் மளிகைக் கடையின் சரக்குக் கணக்கு எதற்கு என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. ஒரு பொருளை மற்றொரு பொருளிலிருந்து பிரித்தறிவது, பிரித்தறிந்ததற்குப் பெயரிடுவது, இட்ட பெயரை எல்லாரும் ஒன்றுபோல வழங்குவது ஆகிய மூன்றும் மொழியாசிரியரின் வேலைகள். கடைக்காரர் தம் சரக்குக்குக் குறியெண் இடும்போது செய்வதும் இவையே. நம் மாணவர் சிலருடைய பெற்றோர் சிறு கடை நடத்துகின்றனர். சிலர் கடைகளில் பணிபுரிகின்றனர். ஏனையோர் எல்லாரும் வாடிக்கையாளர்கள். ஆகவே இது நம் வீட்டுச் செய்தியும் ஆகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சரக்குக் குறியெண் வெறும் எண்ணாக மட்டும் இருக்கட்டும். பொருள் இன்னதென்று உணர்த்தும் வேலையைப் பெயர் செய்யட்டும். அந்தப் பெயர் கடைப்பட்டியலில் தமிழிலும் இடம்பெறட்டும். அதைப் பிழையின்றி எழுதித் தரும் பொறுப்பில் தமிழ் கற்பிக்கும் நமக்கும் பங்கு உண்டு.

துவாஸின் நிலை

சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸைப் பலர் தொழிற்சாலைகளுக்கு உரிய இடமாக மட்டுமே எண்ணுகின்றனர். அங்கே வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் உண்டு. 2014இல் திறக்கப்பட்ட துவாஸ் வியூ தங்குவிடுதி ஒன்றிலேயே ஏறத்தாழ 16,800 பேர் தங்குவதற்கு இடம் அமைக்கப்பட்டது. இத்தகைய விடுதிகளிலும் அவற்றின் அருகிலும் உள்ள மினிமார்ட்டுகளில் அரிசி, பருப்பு, மசாலை, எண்ணெய், கருவாடு, சவர்க்காரம், தொலைபேசி அட்டை என எல்லாம் விற்கின்றன. வாங்குவோருள் தமிழர் உண்டு; வங்காள மொழி பேசுவோரும் உண்டு. வேலை முடிந்து இரவில் ஒரே நேரத்தில் கூட்டம் கூடும். பணம் செலுத்துமிடத்தில் நிற்பவருக்குப் பொருளைத் திருப்பிப் பார்த்துச் சிந்திக்க நேரமிராது.

தேக்காவின் பெரிய கடைகளோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். சையது ஆல்வி சாலையிலுள்ள முஸ்தபா செண்டரில் மூன்று இலட்சம் வகைப் பொருள்கள் இருப்பதாகக் கூறுவர். அத்துணைப் பொருள்களைக் குறியெண்ணின்றி ஆள்வது இயலாது. அதற்கென்று கணினி முறையும் தனி ஊழியரும் வேண்டும். துவாஸின் சிறு கடையில் ஆயிரம் இரண்டாயிரம் வகைகளே இருக்கும். "நினைவில் வைத்துக்கொள்ளலாம்" என்னும் துணிவு அங்கேதான் பிறக்கிறது. நினைவில் வைத்திருந்தவர் வேலை மாறிச் சென்றபின் கடையில் எஞ்சுவது புரியாத ஒரு பட்டியல். அதனால்தான் ஒழுங்கான குறியெண் பெரிய கடையைவிடச் சிறு கடைக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது என்கிறேன்.

இரண்டு எண்கள்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவோம். பொட்டலத்தின் மேல் கறுப்புக் கோடுகளாக அச்சிடப்பட்டிருப்பது பட்டைக்குறி. அதன் கீழுள்ள 13 இலக்க எண், பொருளை உருவாக்கிய அல்லது பொதிந்த நிறுவனம் இட்டது. உலகில் எந்தக் கடைக்குச் சென்றாலும் அது மாறாது. சரக்குக் குறியெண் என்பது கடைக்காரர் தம் கணக்குக்காகத் தாமே இடுவது. வணிகர் இதனை 'எஸ்கேயு' என்பர். ஒரே பொட்டலத்துக்கு ஒரு கடையில் 1047 என்றும் அடுத்த கடையில் 382 என்றும் எண் இருக்கலாம்.

பட்டைக்குறி இருக்கும்போது தனி எண் எதற்கு? கடைக்காரரே மூட்டை பிரித்துக் கட்டும் பருப்புக்கும், நிறுத்து விற்கும் வெங்காயத்துக்கும், வீட்டில் செய்து கொண்டுவந்து கொடுக்கும் முறுக்குக்கும் பட்டைக்குறி இராது. இவற்றுக்குக் கடையே எண் இட வேண்டும். உலகப் பட்டைக்குறி முறையிலும் 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் இத்தகைய உள்வழக்குக்கென ஒதுக்கப்பட்டுள்ளன.

பட்டைக்குறியின் வரலாறு மாணவருக்குச் சொல்லத்தக்கது. அமெரிக்காவின் நார்மன் ஜோசப் உட்லண்ட் மயாமிக் கடற்கரை மணலில் விரல்களால் கோடு இழுத்தபோது அதன் கரு தோன்றியது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1952இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். 1974 ஜூன் 26 அன்று ஓஹையோ மாநிலத்தின் டிராய் நகரப் பேரங்காடி ஒன்றில் முதன்முதலாக ஒரு பொருள் பட்டைக்குறி வழியே விற்கப்பட்டது. அப்பொருள் ரிக்லி நிறுவனத்தின் சூயிங்கம். விலை 67 காசு. 1992இல் சூயிங்கம் விற்பனையைத் தடை செய்த நாட்டில் வாழும் நம் மாணவர்கள் இதைக் கேட்டால் சிரிக்காமல் இருக்கமாட்டார்கள்.

பெற்றோர்க்கு ஒரு செய்தி. 888 என்று தொடங்கினால் சிங்கப்பூர், 890 இந்தியா, 479 இலங்கை, 955 மலேசியா என்று பலர் பொட்டலத்தைப் படிக்கின்றனர். அந்த எண், நிறுவனம் எந்த நாட்டு அமைப்பிடம் எண்ணைப் பெற்றது என்பதை மட்டுமே காட்டும். இந்தியாவில் விளைந்த அரிசியைச் சிங்கப்பூர் நிறுவனம் இங்கே பொதிந்து விற்றால் அதில் 888 இருக்கலாம். பொருள் எங்கே விளைந்தது என்பதை அறியப் பொட்டலத்தின் எழுத்தைத்தான் படிக்க வேண்டும்.

குழப்பம் பெயரில் தொடங்குகிறது

குறியெண் முறை குலைவதற்குக் கணினியைக் குறை கூறுவோர் பலர். பெரும்பாலும் குறை பெயரில் இருக்கிறது. சீரகத்தை எடுத்துக்கொள்வோம். தமிழில் சீரகம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் என்று மூன்று உண்டு. பெருஞ்சீரகத்தைத் தமிழ்நாட்டார் சோம்பு என்பர். இலங்கைத் தமிழர் பெருஞ்சீரகம் என்றே வழங்குவர். மலாய்க்காரர் இம்மூன்றையும் ஜிந்தான் பூத்தே, ஜிந்தான் மானிஸ், ஜிந்தான் ஹீத்தாம் என்பர். வங்காளியர் ஜீரா, மௌரி, காலோஜீரா என்பர். ஆங்கிலத்தில் இவை கியூமின், ஃபென்னல், நைஜெல்லா. ஆனால் சோம்புப் பொட்டலத்தின்மேல் 'அனிசீட்' என்றும் கருஞ்சீரகத்தின்மேல் 'பிளாக் கியூமின்' என்றும் அச்சிடுவோர் உண்டு. அனிசீட் என்பது வேறொரு செடியின் விதை. பிளாக் கியூமின் என்ற பெயரோ வடஇந்தியர் வழங்கும் ஷாஹிஜீரா என்னும் வேறொரு விதைக்கும் உரியது.

இப்போது கடைக் கணினியின் முன் அமர்ந்திருக்கும் ஊழியரை எண்ணிப் பாருங்கள். ஒரு சரக்குந்தில் 'சோம்பு' என்று எழுதிய பெட்டி வருகிறது. ஒரு எண் இடுகிறார். அடுத்த மாதம் 'ஃபென்னல்' வருகிறது. புதிய எண் இடுகிறார். பிறகு 'அனிசீட்', மூன்றாம் எண். ஒரே பொருளுக்கு மூன்று எண்கள். ஒன்றில் இருப்பு தீர்ந்துவிட்டதாகக் கணினி காட்ட, மேலும் சரக்கு வருவிக்கிறார்கள். மற்ற இரண்டு எண்களின் கீழ் உள்ள பொட்டலங்கள் பின்னறையில் பழசாகின்றன. மறுபுறம் 'கொரியாண்டர்' என்ற ஒரே பெயரின்கீழ் மல்லி விதையும் கொத்துமல்லித் தழையும் வந்து சேர்கின்றன. காய்ந்த விதை மாதக்கணக்கில் இருக்கும். தழை மூன்றாம் நாள் வாடும். இரண்டுக்கும் ஒரே எண் என்றால் எதன் கணக்கும் சரியாக இராது. வங்காள ஊழியர் கேட்கும் மசூர் பருப்பும் தமிழர் கேட்கும் மைசூர்ப் பருப்பும் ஒன்றே என்று அறியாத பட்டியலிலும் இதே இரட்டிப்பு நேரும்.

தமிழாசிரியர்கள் இதற்குள் கண்டுகொண்டிருப்பீர்கள். முதலாவது, ஒரு பொருள் குறித்த பல சொல். இரண்டாவது, பல பொருள் குறித்த ஒரு சொல். நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்தும் பாடந்தான் கடையின் பின்னறையில் பணத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

நம் முன்னோர் வகுத்த முறை

நம் மொழிக்கு இத்துறை புதிதன்று. கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, துறைமுகத்தில் ஏற்றவும் இறக்கவும் குவிந்த பண்டங்களின்மேல் சுங்க அலுவலர் புலி முத்திரை பொறித்ததைக் கூறுகிறது. சரக்கின்மேல் குறி இட்டு அதன் பின்னரே அதை நகரவிடும் முறை அன்றே இருந்திருக்கிறது. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசெயிர் அல் காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. கடல் கடந்து சென்ற சரக்கிலும் நம் எழுத்து ஒட்டிக்கொண்டு சென்றது.

வகைப்படுத்தும் கலைக்கும் நம்மிடம் முன்மாதிரிகள் உண்டு. தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும் புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் பிரிக்கிறது. அக்கணக்கில் தென்னையும் பனையும் புல்லினத்தவை. திவாகர நிகண்டு சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர், மரப்பெயர் என்று பன்னிரு தொகுதிகளாக அடுக்கியது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும் இடத்துக்கென அதில் தனித் தொகுதியே உண்டு. திவாகரரின் பட்டியலைக் கண்ட ஒருவர் கடையின் அலமாரிகளை ஒழுங்குபடுத்தத் திணறமாட்டார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும் அது முழு வேடிக்கையன்று.

எண்ணில் பொருளைத் திணிக்கலாமா?

இங்கேதான் கருத்து வேறுபாடு எழுகிறது. கடைக்காரர் பலர் எண்ணைப் பார்த்தவுடன் பொருள் விளங்க வேண்டும் என்று விரும்புகின்றனர். முதல் இரண்டு இலக்கம் பருப்பு, அடுத்த இரண்டு துவரை, அடுத்தது எடை, அடுத்தது வழங்குநர், அடுத்தது அலமாரி என்று அடுக்குகின்றனர். பழைய துணிக்கடைகளில் பத்து வெவ்வேறு எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லை எண்களுக்கு ஈடாகக் கொண்டு, வாங்கிய விலையை விலைச்சீட்டில் மறைத்து எழுதும் வழக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே.

நமக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு அஞ்சல் குறியீடு. 1995இல் சிங்கப்பூர் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டுக்கு மாறியது. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைக் காட்டும். துவாஸ் முகவரிகள் பெரும்பாலும் 63இல் தொடங்கும். அது நன்றாகவே நடக்கிறது. காரணம், கட்டடம் இடம் பெயர்வதில்லை. துவாஸிலுள்ள கட்டடம் நாளை ஈசூனுக்குச் சென்றுவிடாது.

கடைச் சரக்கு அப்படியன்று. வழங்குநர் மாறுவார், அலமாரி மாறும், ஒரு கிலோ பொட்டலம் தொள்ளாயிரம் கிராமாகச் சுருங்கும். வழங்குநரையும் அலமாரியையும் எண்ணுக்குள் வைத்துவிட்டால், அவை மாறும்போது எண் பொய் சொல்லத் தொடங்கும். எண்ணை மாற்றினாலோ பழைய கணக்கோடு தொடர்பு அறும். ஒரு வகைக்கு இரண்டு இலக்கம் ஒதுக்கிவிட்டு, நூற்றோராவது பொருள் வரும்போது இடமின்றித் தவிப்பதும் உண்டு.

ஆகவே என் கருத்து இது. சிறு கடைக்கு வரிசை எண்ணே போதும். வேண்டுமானால் மாறவே மாறாத பெரும்பிரிவைக் காட்ட முதலில் ஓர் இலக்கம் வைத்துக்கொள்ளலாம்: தவசம் பருப்பு ஒன்று, மசாலை இரண்டு, எண்ணெய் மூன்று என்பதுபோல. எஞ்சிய செய்திகள் யாவும் பட்டியலின் தனித்தனி நிரல்களில் இருக்கட்டும். வழங்குநருக்கு ஒரு நிரல், அலமாரிக்கு ஒரு நிரல், எடைக்கு ஒரு நிரல். ஐந்து கிலோ இட்லி அரிசியும் பத்துக் கிலோ இட்லி அரிசியும் விலையாலும் இருப்பாலும் வேறானவை. ஆதலால் அவற்றுக்கு இரண்டு எண்கள் வேண்டும். அலமாரி மாறியதற்காகப் புதிய எண் வேண்டா.

ஓர் இலக்கம் காவல் நிற்கிறது

எண்ணைக் கையால் தட்டும்போது பிழை நேர்வது இயல்பு. அதைப் பிடிப்பதற்கே பட்டைக்குறி எண்ணின் இறுதியில் சோதனை இலக்கம் வைத்திருக்கிறார்கள். கணக்கு எளியது, தொடக்கநிலை ஐந்து, ஆறு மாணவர்களே செய்துவிடுவர்.

200001040375 என்ற பன்னிரண்டு இலக்கங்களைக் கொள்வோம். இடப்புறமிருந்து ஒற்றை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 9. இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 13. அதை மூன்றால் பெருக்கினால் 39. இரண்டையும் சேர்த்தால் 48. அடுத்த பத்தின் மடங்கு 50. அதை அடைய வேண்டியது 2. ஆகவே முழு எண் 2000010403752. ஒருவர் கடைசிப் பகுதியில் 75 என்பதை 57 என்று மாற்றித் தட்டினால் கூட்டுத்தொகை 52 ஆகும். சோதனை இலக்கம் 8 ஆக வேண்டும். இருப்பது 2. கருவி ஏற்க மறுக்கும்.

இந்தக் காவலுக்கும் ஒரு குறை உண்டு. ஓர் இலக்கம் மட்டும் தவறினால் எப்போதும் பிடிபடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறும்போது, அவற்றின் வேறுபாடு சரியாக ஐந்தாக இருந்தால் பிடிபடாது. 27ஐ 72 என்று தட்டினால் கருவி அறியாது. ஏன் என்பதை மாணவரையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி.

இத்தகைய காவல் நம்மைச் சுற்றி எங்கும் உண்டு. நம் அடையாள அட்டை எண்ணின் இறுதி எழுத்து ஒரு சோதனை எழுத்தே. பாடநூலின் பின்னட்டையிலுள்ள பதின்மூன்றிலக்கப் புத்தக எண்ணும் மேற்கண்ட கணக்கின்படியே அமைந்தது. 2022 செப்டம்பர் 1 அன்று அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் இறங்கும் கொள்கலன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நான்கு எழுத்தும் ஆறு இலக்கமும் அவற்றின்பின் ஒரு சோதனை இலக்கமும் எழுதப்பட்டிருக்கும். 2040களில் முழுமையடையும்போது ஆண்டுக்கு 6.5 கோடி கொள்கலன் அளவைக் கையாளும் என்று திட்டமிடப்பட்ட துறைமுகம் அது. அங்கே ஒரு கொள்கலனும் வெறும் நினைவை நம்பி நகர்வதில்லை. அதே துவாஸில், அக்கொள்கலனிலிருந்து இறங்கிய பருப்பை விற்கும் சிறு கடை மட்டும் நினைவை நம்பி நடக்கலாமா?

இட்ட எண்ணைத் திரும்ப இடாதீர்

விற்பனை நின்றுபோன பொருளின் எண்ணைப் புதிய பொருளுக்குக் கொடுப்பது சிக்கனம் என்று சிலர் கருதுகின்றனர். எண்ணில் சிக்கனம் தேவையில்லை, எண்கள் தீர்ந்துபோவதில்லை. பழைய எண்ணைத் திரும்ப இட்டால் சென்ற ஆண்டின் ஊறுகாய் விற்பனையும் இவ்வாண்டின் ஊதுவத்தி விற்பனையும் ஒரே வரியில் கூடிவிடும். உலகப் பட்டைக்குறி அமைப்பும் முன்னர் சில ஆண்டுகள் கழித்து எண்ணைத் திரும்பப் பயன்படுத்த இடமளித்தது. 2018ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அதைக் கைவிட்டுவிட்டது.

நாம் கணினியில் தட்டும் தமிழுக்கும் இதே நெறிதான். ஒருங்குறியில் அகரத்துக்கு 2949, ககரத்துக்கு 2965 என்று எண் உண்டு. ஒருமுறை ஓர் எழுத்துக்கு இட்ட எண்ணை நீக்குவதோ வேறெழுத்துக்குக் கொடுப்பதோ இல்லை என்பது அவ்வமைப்பின் உறுதி. அந்த உறுதி இருப்பதால்தான் பல ஆண்டுகளுக்கு முன் ஒருங்குறியில் எழுதிய தமிழை இன்றும் படிக்க முடிகிறது. எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறியிருந்த காலத்தில் அனுப்பியவரின் எழுத்துரு இல்லாமல் மின்னஞ்சலைப் படிக்கத் திண்டாடியதை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

2024 ஏப்ரல் தந்த பாடம்

இவையெல்லாம் கணக்கு ஒழுங்குக்காக மட்டும் என்று எண்ண வேண்டா. 2024 ஏப்ரல் 18 அன்று சிங்கப்பூர் உணவு அமைப்பு, இந்தியாவிலிருந்து வந்த எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலையைத் திரும்பப் பெறுமாறு இறக்குமதியாளருக்கு உத்தரவிட்டது. அனுமதித்த அளவுக்கு மேல் எத்திலீன் ஆக்சைடு இருந்ததே காரணம். அம்மாதத் தொடக்கத்தில் ஹாங்காங்கிலும் அதே மசாலையும் வேறு சில மசாலைகளும் இதே காரணத்துக்காகத் தடுக்கப்பட்டன. குறைந்த அளவில் உடனடித் தீங்கு இல்லை என்றும், நீண்ட நாள் உட்கொள்வதால் நேரக்கூடிய தீங்கு கருதி அதைக் குறைக்க வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய அறிவிப்பு வரும் நாளில் ஒரு கடைக்காரர் சில கேள்விகளுக்கு உடனே விடை காண வேண்டும். அந்தப் பொருள் என்னிடம் உள்ளதா? எத்தனைப் பொட்டலம்? எந்த அலமாரியில்? எப்போது வாங்கியது? பட்டியலில் 'மசாலை, பலவகை' என்று ஒரே எண்ணின்கீழ் இருபது வகைகளைப் போட்டு வைத்திருப்பவரால் விடை காண முடியாது. 'ஃபிஷ் கறி', 'மீன் மசாலா', 'எவரெஸ்ட் சிவப்புப் பெட்டி' என்று மூன்று பெயரில் வைத்திருப்பவர் ஒன்றை எடுத்துவிட்டு இரண்டை விட்டுவிடுவார். விடப்பட்ட பொட்டலத்தை வாங்கிச் சென்று சமைப்பவர், ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு இங்கே உழைக்கும் ஒருவராக இருக்கலாம்; நம் வீட்டாராகவும் இருக்கலாம்.

இங்கே குறியெண்ணின் எல்லையையும் அறிய வேண்டும். குறியெண் இன்ன பொருள் என்று மட்டுமே கூறும். எந்தத் தொகுதியில் உருவானது, எப்போது காலாவதியாகும் என்று கூறாது. அவற்றுக்கெனத் தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் தனியே குறிக்க வேண்டும். இவற்றையும் உள்ளடக்கக்கூடிய சதுரக் குறிகளை 2027ஆம் ஆண்டின் இறுதிக்குள் உலகக் கடைகளின் கருவிகள் படிக்கத்தக்கனவாக வேண்டும் என்பது பட்டைக்குறி அமைப்பின் இலக்கு. அது வந்தாலும், கடைக்காரரே பிரித்துக் கட்டும் பொட்டலத்துக்கு அவரே எழுத வேண்டும்.

தமிழ்ப் பெயர் ஏன் வேண்டும்?

சிங்கப்பூரில் பொதிந்து விற்கும் உணவுப் பொருளின் விவரச்சீட்டு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அது தேவையான சட்டம். எல்லாருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும். ஆங்கிலத்தோடு தமிழை எழுதக் கூடாது என்று எவரும் தடுக்கவில்லை. கடையின் உட்பட்டியலிலோ எந்த மொழிக்கும் தடையில்லை.

"வாங்குபவர் விரலால் சுட்டிக்காட்டுகிறார், பெயர் எதற்கு?" என்பர் சிலர். சுட்டிக்காட்டுவது கண்முன் இருக்கும் பொருளுக்குச் சரி. பொருள் பின்னறையில் இருந்தால், தொலைபேசியில் கேட்டால், இணையத்தில் தேடினால் பெயர் வேண்டும். "ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரை எழுதினால் போதாதா?" என்பர் வேறு சிலர். அங்கேதான் சிக்கல். முறுக்கு, உளுந்து, புழுங்கல், பயறு என்ற சொற்களை ரோமன் எழுத்தில் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவர். கணினிக்கு ஒவ்வொன்றும் வேறு சொல். தமிழ் எழுத்தில் எழுதினால் இந்த வேறுபாடு பெரிதும் குறையும். எழுத்துப்பிழை இல்லாத தமிழ் இங்கே அழகுக்காக மட்டும் வேண்டப்படுவதன்று. இருப்புக் கணக்குக்கே அது அடிப்படை.

"கடைக்காரருக்கு நேரமில்லை" என்பதே மிக வலிமையான மறுப்பு. அதை நான் மதிக்கிறேன். பன்னிரண்டு மணி நேரம் கடையில் நிற்பவரிடம் நிகண்டு எழுதச் சொல்ல முடியாது. அதனால்தான் இவ்வேண்டுகோளைக் கடைக்காரரிடம் வைக்காமல் உங்களிடம் வைக்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியர்களுக்கு ஒரு பாடத் திட்டம் சொல்கிறேன். மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுச் சமையலறையிலிருந்து ஐந்து வெற்றுப் பொட்டலங்கள் கொண்டுவரட்டும். கரும்பலகையில் நிரல்கள் இடுங்கள்: வரிசை எண், தமிழ்ப் பெயர், பிற வழக்குப் பெயர்கள், எடை, காலாவதி நாள். இரண்டு பொட்டலங்கள் ஒரே பொருளா, வேறு பொருளா என்று மாணவரே வழக்காடட்டும். முழு உளுந்தும் தோல் நீக்கிய உளுந்தும் ஒன்றா? பச்சரிசிக்கும் புழுங்கல் அரிசிக்கும் ஒரே எண் இடலாமா? ஒரு மணி நேரத்தில் அவர்கள் பேசும் தமிழ், பத்துப் பயிற்சித் தாள்களில் எழுதும் தமிழைவிட மிகுதியாக இருக்கும். சோதனை இலக்கத்தைக் கணித ஆசிரியரோடு சேர்ந்து நடத்தலாம்.

உயர்நிலை மாணவர்களுக்கு ஒரு படி மேலே செல்லலாம். ஏப்ரலில் தமிழ்மொழி மாதம் வரும்போது மேடைப் பேச்சோடு நிறுத்திவிடாமல், அக்கம்பக்கத்துச் சிறு கடை ஒன்றின் ஒப்புதலோடு நூறு பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் செய்து கொடுக்கலாம். நம் மூத்தோர் 'மாமா கடை' என்று அன்போடு அழைத்த கடைகள் குறைந்துவருகின்றன. எஞ்சியவற்றுக்கு இது சிறு துணையாகும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது பொருளின் தமிழ்ப் பெயரைச் சொல்லுங்கள். சோம்புக்கும் சீரகத்துக்கும் வேறுபாடு அறியாமல் வளரும் பிள்ளைக்குத் தேர்வில் மதிப்பெண் குறையாமல் போகலாம். சமையலறையில் பாட்டி சொல்வது புரியாமல் போகும். கடை நடத்தும் பெற்றோர் தம் பட்டியலில் தமிழ்ப் பெயருக்கென ஒரு நிரலைத் திறந்து வையுங்கள். அதை நிரப்பும் வேலையைப் பள்ளி விடுமுறையில் உங்கள் பிள்ளையிடமே கொடுங்கள். சொல்லில் ஐயம் வந்தால் ஆசிரியரிடம் கேட்கட்டும். விடை சொல்லத்தானே நாங்கள் இருக்கிறோம்.

மொழி வாழ்வதற்குக் கவிதையும் காப்பியமும் வேண்டும். அன்றாடம் கை தொடும் பொருள்களின் பெயர்களாகவும் அது புழங்க வேண்டும். புலி முத்திரை இட்ட துறைமுகத்தில் பண்டத்தின் பெயர் தமிழில் வழங்கியது. கொள்கலன் இறங்கும் துவாஸிலும் அது வழங்கலாம். எண்ணைக் கணினி பார்த்துக்கொள்ளும். பெயரை நாம் பார்த்துக்கொள்வோம்.

உங்கள் வட்டாரத்தில் ஒரு பொருளுக்கு வழங்கும் வேறு பெயர்களை எழுதி அனுப்புங்கள். தொகுத்து வகுப்புகளுக்குப் பயன்படுமாறு செய்யலாம்.


உங்கள் தமிழாசிரியர்